விண்ணப்பத்தைப் படிக்கிறவர் 'இவரை வரச் சொல்லுங்க' என்று சொல்ல, எப்படி எழுதுவது?

ஏழு மாதம் வேலை தேடினேன். முதல் ஐந்து மாதம் நூறு இடங்களுக்கு மேல் ஒரே ரெஸ்யூம், ஒரே கடிதம், நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். நேர்காணலுக்கு அழைத்தது இரண்டே இடம். கடைசி இரண்டு மாதத்தில் 19 இடங்களுக்குத்தான் அனுப்பினேன், ஆறு இடத்தில் அழைத்தார்கள். நடுவில் என் படிப்பும் கூடவில்லை, அனுபவமும் கூடவில்லை. எழுதும் விதம்தான் மாறியது. விளம்பரம் எழுதுகிறவர்களும் நன்கொடை கேட்டு எழுதுகிறவர்களும் காலங்காலமாகச் செய்கிற சில விஷயங்களை என் விண்ணப்பத்தில் செய்து பார்த்தேன், அவ்வளவுதான். அதை யாராவது முதல் வாரமே எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதனால்தான் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பொய்யை அழகாகச் சொல்லும் வழி இல்லை. உங்களிடம் இருக்கும் உண்மையை, அவசரத்தில் இருக்கும் ஒருவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்கும் வழி. இல்லாததைச் சொன்னால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

1. எழுதுவதற்கு முன் வேலை விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

ஒரு விண்ணப்பத்துக்கு இதற்கு மட்டும் 30 நிமிடம் ஒதுக்குங்கள். வீண் என்று தோன்றும், ஆனால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம், விளம்பரம் கேட்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். எந்த வார்த்தை இரண்டு மூன்று முறை திரும்பி வருகிறதோ அதை வட்டமிடுங்கள், அதுதான் அவர்களை உறுத்துகிற விஷயம். 'கிடங்கில் இருப்புக் கணக்கின் துல்லியம்' என்று ஒரே விளம்பரத்தில் மூன்று இடத்தில் இருந்தால், அங்கே கணக்கு உதைக்கிறது, யாரோ ஒருவர் மாதக் கடைசியில் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதப்போவது அந்த ஒருவருக்குத்தான்.

வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் இருக்கும் ஆதாரம். திறமையின் பெயரை எழுதாதீர்கள், அந்தத் திறமை வெளிப்பட்ட சம்பவத்தை எழுதுங்கள். பெரும்பாலும் பட்டியலில் மேலே இருப்பவைதான் கட்டாயம், கீழே போகப் போக 'இருந்தால் நல்லது' ரகம். மேலே உள்ள மூன்றுக்கும் எதிரே ஏதாவது எழுத முடிந்தால் விண்ணப்பியுங்கள். கீழே இருக்கும் இரண்டு மூன்று இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மேலே உள்ள மூன்றிலும் எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அந்த வேலையை விட்டு அடுத்ததைப் பாருங்கள். நான் ஐந்து மாதம் வீணாக்கியதில் பாதி அப்படிப்பட்ட இடங்கள்தான்.

2. சம்பவக் கோப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள்

இது ஒரே ஒருமுறை செய்யும் வேலை, இரண்டு நாள் பிடிக்கும். நீங்கள் செய்த வேலைகளிலிருந்து பத்துப் பதினைந்து சம்பவங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும்: என்ன சிக்கல் இருந்தது, நான் என்ன செய்தேன், அதனால் என்ன ஆனது, இது யாருக்குத் தெரியும்.

பக்கத்திலேயே எடுத்துவைக்க வேண்டியவை: பழைய வேலையின் நியமனக் கடிதம், விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, படிப்புச் சான்றிதழ்கள், யாராவது பாராட்டி எழுதிய கடிதம், ஆண்டு மதிப்பீடு. உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரிடம் இப்போதே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் அவர்கள் வெளியூரில் இருப்பார்கள், போன் எடுக்க மாட்டார்கள், அதற்குள் அந்த இடம் போய்விடும். சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலுமாக இருந்தால் அதைச் சரிசெய்யும் வேலையையும் இப்போதே தொடங்குங்கள், அது வாரக்கணக்கில் இழுக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆதாரம் வேண்டும் என்பதற்காகப் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ விலை விவரத்தையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். அது சட்டச் சிக்கல். அதைவிட முக்கியம், அதைக் காட்டினால் 'நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் வெளியே காட்டுவார்' என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

'என் வேலையில் எண்ணே கிடையாதே' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எண் என்றால் லாபக் கணக்கு மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொன்னீர்கள், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், மூன்று நாள் எடுத்த வேலை எத்தனை நாளாகக் குறைந்தது, இதெல்லாம் எண்தான். சரியாக நினைவில்லை என்றால் 'சுமார்' என்று போடுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். படிப்பை இப்போதுதான் முடித்தவர்களும் விழாவுக்கு நிதி திரட்டியது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது, வீட்டுக் கடையின் கணக்கைப் பார்த்தது என்று எழுதலாம். சம்பளம் வாங்காமல் செய்ததும் வேலைதான்.

3. ரெஸ்யூமில் கடமையை எழுதாதீர்கள், விளைவை எழுதுங்கள்

என் பழைய ரெஸ்யூமில் இருந்த வரி இது: 'கிடங்கின் இருப்புக் கணக்கைப் பராமரிக்கும் பொறுப்பு வகித்தேன்.' இதைப் படிப்பவருக்கு அந்தப் பதவியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று தெரியும். மாற்றிய பிறகு: 'மாதக் கடைசியில் மட்டும் எண்ணி வந்த சரக்கை வாரம் ஒரு பகுதியாக எண்ணும்படி மாற்றினேன், எட்டு மாதத்தில் கணக்கில் இடித்த பொருட்கள் சுமார் 60இலிருந்து 15க்குக் குறைந்தன.' உண்மை அதேதான். ஆனால் இரண்டாவதில் நான் இருக்கிறேன், முதலாவதில் என் நாற்காலி மட்டும்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு 'அதனால் என்ன?' என்று கேளுங்கள். பதில் வருகிற வரை விடாதீர்கள். 'எக்செல் நன்றாகத் தெரியும்.' அதனால் என்ன? 'தினசரி அறிக்கையைத் தானாகவே வரும்படி அமைத்தேன்.' அதனால் என்ன? 'மேலாளர் காலை 9 மணிக்கே அன்றைய ஆர்டர்களைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது.' இந்தக் கடைசி வரிதான் வேண்டும்.

ஆள்தேர்வாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2018இல் ஒரு அமெரிக்க வேலைவாய்ப்பு இணையதளம் நடத்திய ஆய்வில், ரெஸ்யூமின் மேல் முதல் பார்வை சராசரியாக 7.4 விநாடிதான் நின்றது. அதனால் தாளின் மேல் மூன்றில் ஒரு பகுதியிலேயே உங்கள் மிகச் சிறந்த இரண்டு விளைவுகளும் வந்துவிட வேண்டும். 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்று தொடங்கும் குறிக்கோள் பத்தியை எடுத்துவிடுங்கள். அந்த இடம் வீட்டின் வாசல் மாதிரி, அங்கே போய் உங்கள் விருப்பத்தை எழுதி வைக்காதீர்கள்.

பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் ஒரு மென்பொருள்தான் படித்துப் பிரித்து வைக்கிறது. பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த வடிவம், கட்டங்கள், படத்துக்குள் எழுத்து, திறமையைக் காட்டும் நட்சத்திரக் குறிகள் எல்லாம் அதற்குப் புரியாமல் போகலாம். சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி உண்டு. உங்கள் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்து வரிசையாக, முழுசாக வந்தால் சரி. வரிகள் குழம்பினாலோ எதுவுமே ஒட்டாவிட்டாலோ வடிவத்தை மாற்றுங்கள். பணம் கொடுத்து வாங்கிய அழகான ரெஸ்யூம் வடிவம் ஒன்று என்னிடம் இருந்தது. இந்தச் சோதனையில் என் போன் நம்பரே காணாமல் போனது. எத்தனை மாதம் அதை அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கிவிட்டது.

விளம்பரத்தில் அவர்கள் பயன்படுத்திய அதே வார்த்தையை நீங்களும் பயன்படுத்துங்கள். அவர்கள் 'வாடிக்கையாளர் சேவை' என்றால் நீங்கள் 'நுகர்வோர் உறவு' என்று எழுத வேண்டாம். லிங்க்ட்இன் கணக்கு இருந்தால் பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்து இடம் தருகிறார்கள்; பதவிப் பெயரோடு நிறுத்தாமல் என்ன செய்து தருவீர்கள் என்பதையும் அங்கே எழுதுங்கள்.

4. கடிதம்: அவர்களிடம் தொடங்கி உங்களிடம் வாருங்கள்

எனக்கு அதிகம் பலன் தந்தது இந்தக் கட்டம்தான். நாலு பத்தி, மொத்தம் 250 வார்த்தைக்குள்.

முதல் பத்தி அவர்களைப் பற்றி. 'இத்துடன் என் சுயவிவரத்தை இணைத்துள்ளேன், தங்கள் மேலான பார்வைக்கு' என்ற தொடக்கத்தை மறந்துவிடுங்கள். இப்படித் தொடங்கலாம்: 'புதிதாக மூன்றாவது கிடங்கு திறக்கப்போவதாக உங்கள் விளம்பரத்தில் பார்த்தேன். இடம் மாறும்போது முதலில் கெட்டுப்போவது இருப்புக் கணக்குதான். அப்படி ஒரு மாற்றத்தை நான் ஒருமுறை உடனிருந்து நடத்தியிருக்கிறேன்.' மூன்றே வாக்கியம், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாவது பத்தி ஒரே ஒரு சம்பவம், கோப்பிலிருந்து. ஐந்து சம்பவத்தைத் திணித்தால் ஒன்றும் நிற்காது.

மூன்றாவது பத்தி, அவர்கள் மனதில் எழப்போகும் சந்தேகம். இதை எல்லோரும் மறைக்கப் பார்க்கிறார்கள், நானும் மறைத்தேன். என் ரெஸ்யூமில் ஒன்றரை வருடம் வேலையில்லாத இடைவெளி இருந்தது. ஆண்டுகளை மட்டும் போட்டு மாதங்களை விட்டுவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தது. பிறகு இப்படி எழுதினேன்: 'நடுவில் ஒன்றரை ஆண்டு அப்பாவின் சிகிச்சைக்காக வேலையை விட்டிருந்தேன். அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது, இப்போது முழு நேரமும் வேலைக்கு வர முடியும்.' அதற்குப் பிறகு யாரும் அதைத் தோண்டிக் கேட்கவில்லை. எதிராளி கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் அது ஒரு தகவல். அவர்களாகக் கண்டுபிடித்தால் அது குற்றம். நீளமாக விளக்காதீர்கள், இரண்டு வரிக்கு மேல் போனால் மன்னிப்புக் கேட்பது மாதிரி ஆகிவிடும்.

நாலாவது பத்தி, அடுத்த அடி. 'தங்கள் சாதகமான பதிலை எதிர்பார்க்கிறேன்' என்பதில் அவர்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. 'புதிய கிடங்கின் முதல் மாதக் கணக்கெடுப்பை எப்படிப் பிரிக்கலாம் என்று ஒரு பக்கக் குறிப்பு தயாராக வைத்திருக்கிறேன். 15 நிமிடம் பேச நேரம் கிடைத்தால் காட்டுகிறேன்' என்று எழுதுங்கள். குறிப்பு உண்மையாகவே தயாராக இருக்க வேண்டும்.

லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலனின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ட்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லக்கூடிய பாலம், அகழியிலிருந்து நீரை வெளியேற்றுவது, பீரங்கி என்று வரிசையாகப் போர்க்காலத் தேவைகளாகவே அடுக்கிக்கொண்டு போகிறார், ஏனென்றால் கடிதம் பெறுகிறவருக்கு அப்போது வேண்டியது அதுதான். தனக்கு ஓவியம் தெரியும் என்பது கடைசிப் பகுதியில்தான் வருகிறது. எதையாவது நம்ப முடியவில்லை என்றால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டத் தயார் என்றும் சொல்கிறார். தன்னிடம் பெருமையாக இருப்பதை விட்டுவிட்டு எதிரில் இருப்பவருக்குத் தேவையானதை முன்னால் வைத்தது, நிரூபிக்கத் தயார் என்றது, இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் 'நான்', 'என்', 'எனக்கு' எத்தனை, 'நீங்கள்', 'உங்கள்' எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தமிழில் வினையிலேயே 'நான்' ஒளிந்திருக்கும் என்பதால் 'விரும்புகிறேன்', 'கருதுகிறேன்' எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். என் பழைய கடிதத்தில் 23க்கு 2 என்று வந்தது.

கெஞ்சுவதும் வேண்டாம். 'ஒரு வாய்ப்பு மட்டும் தாருங்கள், குடும்பச் சூழ்நிலை சரியில்லை' என்ற வரியை எழுத வேண்டிய நிலைமை எனக்கும் இருந்தது, வலி புரிகிறது. ஆனால் படிப்பவருக்கு இரக்கம் வந்தாலும் அதை வைத்து ஆளை எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மேலே ஒருவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

5. மின்னஞ்சல்

தலைப்பு வரியில் பதவி, விளம்பர எண், உங்கள் பெயர், ஒரு தகுதி: 'இருப்பு மேற்பார்வையாளர் - விளம்பர எண் - பெயர் - 6 ஆண்டு கிடங்கு அனுபவம்.' வெறும் 'வேலை வேண்டி' என்று போட்டால் தேடும்போது கிடைக்காது. கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கட்டும், 'ரெஸ்யூம் இறுதி 3 புதியது' என்று அனுப்பாதீர்கள். கடிதத்தை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுங்கள், தனி இணைப்பைத் திறக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம், அமைப்புகளில் போய் முதலிலேயே மாற்றிவிடுங்கள். இணைப்பு மறந்துபோனது, வேறு நிறுவனத்தின் பெயர் இருப்பது எல்லாம் பொத்தானை அழுத்திய அடுத்த நொடிதான் கண்ணில் படும்.

விளம்பரம் வந்த முதல் மூன்று நான்கு நாளுக்குள் அனுப்பப் பாருங்கள். கடைசித் தேதி வரை பெட்டி திறந்திருந்தாலும் பல இடங்களில் வர வரப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

6. தெரிந்தவர்களிடம் கேட்பது

நெருங்கிய நண்பர்களை மட்டும் நம்பி இருக்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்த காலியிடங்கள்தான் அவர்களுக்கும் தெரியும். பழைய வகுப்புத் தோழர், முன்பு வேறு பிரிவில் இருந்தவர் மாதிரி கொஞ்சம் தள்ளி இருக்கிறவர்களிடம்தான் புதுச் செய்தி இருக்கும். லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்விலும் இப்படி ஓரளவு தூரத்தில் இருக்கும் அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின.

கேட்கும்போது சின்னதாகக் கேளுங்கள், காரணம் சொல்லிக் கேளுங்கள். 1978இல் உளவியலாளர் எலன் லாங்கரும் உடன் பணியாற்றியவர்களும் நகல் இயந்திரத்தைப் பயன்படுத்த வந்தவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். 5 பக்கம் முன்னால் எடுத்துக்கொள்ளலாமா என்று சும்மா கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். 'ஏனென்றால்' என்று ஏதோ ஒரு காரணம் சேர்த்ததும், அது அர்த்தமில்லாத காரணமாக இருந்தும், 93 சதவீதம். இதை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு எந்தக் காரணமும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அதே சோதனையில் 20 பக்கம் கேட்டபோது அர்த்தமில்லாத காரணத்துக்கு 24 சதவீதம்தான், காரணமே சொல்லாததற்கும் அதே 24. உண்மையான காரணம் சொன்னபோது மட்டும் 42. வேலைக்குச் சிபாரிசு கேட்பது 20 பக்கம் கேட்பது மாதிரி. அதனால் அங்கே தொடங்காதீர்கள். இப்படித் தொடங்குங்கள்:

'வணக்கம். பயிற்சி வகுப்பில் உங்களுக்குப் பின் வரிசையில் இருந்தேன், நினைவிருக்கலாம். உங்கள் நிறுவனத்தில் இருப்பு மேற்பார்வையாளர் இடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இரவுப் பணி உண்டா என்று விளம்பரத்தில் இல்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வரி பதில் போதும்.'

நான் அனுப்பிய இந்தச் செய்திக்கு அந்தத் தோழர் பதில் போட்டதோடு, 'விண்ணப்பித்ததும் சொல்லுங்க, நானும் உள்ளே சொல்லி வைக்கிறேன்' என்று அவராகவே எழுதினார்.

7. பதில் வராவிட்டால்

ஏழு முதல் பத்து நாள் பொறுங்கள். பிறகு ஒரு நினைவூட்டல், நாலு வரி, அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக. 'என் விண்ணப்பம் என்ன ஆயிற்று' என்று கேட்காமல் ஏதாவது புதிதாகச் சேருங்கள்: முடித்த ஒரு பயிற்சி, முன்பு சொன்ன குறிப்பு. இன்னும் இரண்டு வாரத்தில் கடைசியாக ஒன்று. அதற்கு மேல் வேண்டாம், தொந்தரவு ஆகிவிடும். எதை எங்கே எப்போது அனுப்பினீர்கள் என்று ஒரு எக்செல் தாளில் குறித்து வையுங்கள், விளம்பரத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு அழைக்கும்போது இணையத்தில் அந்த விளம்பரம் இருக்காது.

8. செலவும் பொறிகளும்

இதில் பெரிய செலவு நேரம்தான். எனக்கு ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது, அதனால் வாரம் மூன்றுக்கு மேல் முடியவில்லை, முடியவும் தேவையில்லை.

ரெஸ்யூம் எழுதித் தருகிறோம் என்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களிடம் கேள்வி கேட்காமல் எழுதித் தருகிறவர் எல்லோருக்கும் அதையேதான் தருவார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பிழை திருத்த வையுங்கள், சம்பவத்தை எழுத விடாதீர்கள். நடக்காத ஒன்றை அழகாகச் சேர்த்துவிடும், நேர்காணலில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அவர்களும் வற்புறுத்தும் எழுத்தில் கைதேர்ந்தவர்கள்: 'இன்று மாலை 5 மணிக்குள்', 'இரண்டே இடம்', 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்'. நேர்காணலே இல்லாமல் தேர்வுக் கடிதம் வந்தால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வங்கி விவரம், அடையாள அட்டை நகல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

9. நேர்காணல் முடிந்த அன்றும், அதன் பிறகும்

24 மணி நேரத்துக்குள் நன்றி சொல்லி எழுதுங்கள். அங்கே அவர்கள் சொன்ன ஒரு சிக்கலை எடுத்து, அதைப் பற்றி உங்களுக்குத் தோன்றியதை மூன்று வரியில் சேருங்கள். நான் நேர்காணலில் சரியாகப் பதில் சொல்லாத கேள்வி ஒன்றுக்கு அன்று மாலையே நிதானமாகப் பதில் எழுதி அனுப்பினேன். இரண்டாம் சுற்றில் அந்த மின்னஞ்சலை அச்சிட்டு மேசையில் வைத்திருந்தார்கள்.

சம்பளம் பேசும்போதும் இதே முறைதான். 'எனக்குச் செலவு அதிகம்' என்பது உங்கள் காரணம். 'இந்தப் பொறுப்பில் இரண்டு கிடங்குகள் வருகின்றன, விளம்பரத்தில் ஒன்றுதான் இருந்தது' என்பது அவர்கள் மேலே கொண்டு போய்ச் சொல்லக்கூடிய காரணம். ஒத்துக்கொண்ட தொகை, சேரும் தேதி, வேலை நேரம் மூன்றும் எழுத்தில் வரும் வரை இப்போதிருக்கும் வேலையை விடாதீர்கள். போனில் சொல்லிவிட்டார்கள் என்றால், 'நாம் பேசியது இதுதான், சரியா?' என்று அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டு, பதில் வந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தை எழுத உட்காருங்கள்.